நீர்வண்ணத்தில் சதுரங்கள் தாளோடு ஒட்டிக்கொள்கின்றனவா? அரூப ஓவியத்தில் ஆழம் வராதபோது பார்க்க வேண்டியவை

சதுரம், செவ்வகம், முக்கோணம், வட்டம். இவற்றை மட்டும் வைத்து நீர்வண்ணத்தில் ஒரு வெளியை உண்டாக்கப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இதே சிக்கல் வரும்: வடிவங்கள் நன்றாக இருக்கின்றன, வண்ணங்களும் நன்றாக இருக்கின்றன, ஆனால் படத்துக்குள் போக வழியில்லை. நிலக்காட்சி வரைபவருக்குச் சிறுத்துக்கொண்டே போகும் சாலையும் மங்கும் மலையும் கைகொடுக்கும். இங்கே அவை கிடையாது. விளிம்பு, அடர்த்தி, ஒன்றின் மேல் ஒன்று ஏறும் வண்ணப் படலம், இவ்வளவுதான் கையில் இருக்கிறது.

இவை போதும். 1914 ஏப்ரலில் ஆகஸ்ட் மாக்கே, லூயி முவாயே என்ற ஓவிய நண்பர்களோடு ஓவியர் பால் கிளே துனீசியா போனார். அந்தப் பயணத்தின் நீர்வண்ணங்களில் ஹம்மாமெட் ஊரின் மசூதியைக் காட்டும் படம் ஒன்று உண்டு. மேல்பகுதியில் மசூதியும் கோபுரமும் அடையாளம் தெரிகின்றன. கீழே வந்தால் பெரும்பாலும் இளஞ்சிவப்பும் செந்நிறமுமான கட்டங்கள்தான். ஆனாலும் நம் காலடியிலிருந்து தரை விரிந்து போவதாகவே கண் நம்புகிறது.

கண் எதை வைத்து நம்புகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிழைகள் தானாகவே பிடிபடும். டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் வெளியிட்ட ஆய்வில் வரும் குவளைப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள்: ஒருமுறை பார்த்தால் குவளை, மறுமுறை பார்த்தால் எதிரெதிரே இரண்டு முகங்கள். இரண்டு நிறங்கள் சந்திக்கும் கோட்டைக் கண் ஏதாவது ஒரு பக்கத்துக்குத்தான் சொந்தமாக்கும். சொந்தமாகிய பக்கம் முன்னால் வந்து வடிவமாகும். மற்றது அதற்குப் பின்னால் தொடர்ந்து போவதாகத் தோன்றும். ஆகவே கீழே எந்தக் குறையைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இந்த விளிம்பு யாருடையது? பதில் தெரியாமல் வரைந்த விளிம்பில்தான் ஆழம் செத்துப்போகிறது.

அறிகுறி: மொத்தப் படமும் தட்டையாக இருக்கிறது

போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் நீலமும் ஒரே சாம்பலாக மாறிவிட்டால் காரணம் அடர்த்தி. நிறங்கள் எவ்வளவு மாறுபட்டாலும் இருட்டு வெளிச்ச வேறுபாடு இல்லாவிட்டால் கண் அவற்றை ஒரே தளத்தில்தான் வைக்கும்.

நீர்வண்ணத்தில் இந்தக் குறை அதிகம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் வண்ணம் காய்ந்ததும் வெளுத்துவிடும். நடுத்தரமாக வரும் என்று நினைத்து வைத்தது இளநிறமாகப் போய் நிற்கும். அதே தாளில் வெட்டிய துண்டு ஒன்றில் ஒவ்வொரு கலவையையும் போட்டு, முழுதாகக் காயவிட்டு, அதன் பிறகு படத்துக்குப் போங்கள். ஈரத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இன்னொன்று, எல்லா நிறமிக்கும் ஒரே எல்லை கிடையாது. எலுமிச்சை மஞ்சளை எவ்வளவு கெட்டியாகப் போட்டாலும் அது இருட்டாகாது. தாலோ நீலமோ வெளிறிய வானத்திலிருந்து கிட்டத்தட்டக் கறுப்பு வரை போகும். ஆழமான இடத்தை மஞ்சளிடம் கேட்டால் கிடைக்காது.

கறுப்பு வெள்ளையிலும் சாம்பல்கள் நன்றாகப் பிரிந்து தெரிகின்றனவா? அப்படியும் தட்டையாக இருந்தால், வடிவங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றனவா என்று பாருங்கள். ஒரு கோடு இன்னொரு கோட்டின் மேல் முட்டி நின்றுவிட்டால், முட்டி நின்ற கோட்டின் சொந்தக்காரர் பின்னால் போவார். தடையில்லாமல் ஓடும் கோட்டின் சொந்தக்காரர் முன்னால் வருவார். ஆங்கில எழுத்து ‘டி’ போன்ற இந்தச் சந்திப்பு படத்தில் எங்கேயும் இல்லையென்றால் கண்ணுக்கு முன்பின் தெரிய வழியே இல்லை. கட்டம் கட்டமாகப் பிரித்த படங்களில், நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும்போது நடப்பது இதுதான். ஒரு கட்டத்தைச் சற்று நகர்த்தி, பக்கத்துக் கட்டத்தின் மூலையை அது விழுங்கும்படி வையுங்கள். வேறெதையும் மாற்றாமலேயே அந்த இடம் திறந்துகொள்ளும்.

அறிகுறி: படம் வண்ணக் கண்ணாடி ஜன்னல் மாதிரி வந்துவிட்டது

ஈரமான இரண்டு கட்டங்கள் ஒன்றில் ஒன்று கலந்துவிடக் கூடாதென்று நடுவே நூல் அளவு வெள்ளை விட்டிருப்பீர்கள். அந்த வெள்ளைக் கோடு படம் முழுக்க ஒரே அகலத்தில் ஓடும்போது அதுவே முன்னால் வந்து ஒரு சட்டமாக நின்றுவிடும். எந்த விளிம்பும் எந்த வடிவத்துக்கும் சொந்தமில்லை, எல்லாம் சட்டத்துக்குச் சொந்தம்.

முதல் கட்டம் காய்ந்த பிறகு இரண்டாவதை அதன் விளிம்பில் ஒரு மயிரிழை ஏறும்படி போடுங்கள். ஏறிய இடத்தில் மெல்லிய இருட்டுக் கோடு விழும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது நிழல் போல வேலை செய்யும். வெள்ளையே வேண்டுமென்றால் தாராளமாக விடுங்கள், ஆனால் அகலத்தை மாற்றுங்கள், சில இடங்களில் அறுத்துவிடுங்கள். பிரெஞ்சு ஓவியர் செசானின் கடைசிக் கால நீர்வண்ணங்களில் தாளின் வெள்ளை பெரிய பெரிய திட்டுகளாகத் திறந்து கிடக்கும். அங்கே அது கோடு இல்லை, காற்று.

அறிகுறி: ஒன்றின் மேல் ஒன்று போட்ட இடம் கண்ணாடி போலத் தெரியவில்லை, சேறாகத் தெரிகிறது

இந்தக் குறையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நீர்வண்ணம் மற்ற ஊடகங்களைவிடச் சுலபமாகச் செய்யக்கூடிய காரியம் இதுதான், பெரும்பாலான படங்கள் கெடுவதும் இங்கேதான்.

மெல்லிய படலத்தின் வழியே ஒளி உள்ளே போய், தாளில் பட்டு, அதே படலத்தின் வழியே திரும்பி வருகிறது. இரண்டு படலம் இருந்தால் இரண்டுமே ஒளியை வடிகட்டுகின்றன. ஆகவே சந்திக்கும் இடம் இரண்டையும்விட இருட்டாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண் அதைக் கண்ணாடியாக ஏற்காது, தனித் துண்டாக எண்ணிக்கொள்ளும்.

சேறு ஆவதற்கு முதல் காரணம் நிறமியின் தன்மை. ட்யூபின் மேல் சிறு சதுரம் ஒன்று அச்சிட்டிருக்கும். காலியாக இருந்தால் அந்த வண்ணம் ஒளியை விடும். முழுதாக அடைத்திருந்தால் மறைக்கும். பாதி அடைத்திருந்தால் இரண்டுக்கும் நடுவே. காட்மியம் சிவப்பு, காட்மியம் மஞ்சள் ஆகியவை மறைக்கும் வகை. அவற்றை மேல் படலமாகப் போட்டால் கீழே இருப்பதன் மேல் பவுடர் பூசியது போல ஆகிவிடும். குவினாக்ரிடோன் ரோஸ், தாலோ நீலம், தாலோ பச்சை ஆகியவை விடும் வகை. மேல் படலத்துக்கு இவற்றை வைத்துக்கொண்டு, காட்மியம் வேண்டுமென்றால் அடியில் நீர்த்துப் போடுங்கள்.

இரண்டாவது காரணம் கீழ்ப்படலம் கிளம்பிவிடுவது. தாலோ நீலம் தாளைக் கறைப்படுத்தி ஒட்டிக்கொள்ளும், காய்ந்தபின் பிரஷ் பட்டாலும் நகராது. அல்ட்ராமரின் என்ற நீலம் மணல்மணலாகத் தாளின் குழிகளில் உட்கார்ந்திருக்கும், ஈரப் பிரஷ் இரண்டு முறை போனால் எழுந்து மேல் வண்ணத்தோடு கலந்துவிடும். ஒட்டும் நிறமி அடியில், எழும் நிறமி மேலே என்பதே பாதுகாப்பான வரிசை. மேல் படலத்தை மென்மையான அகலப் பிரஷில் நிறைய வண்ணம் எடுத்து ஒரே இழுப்பில் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். சரிசெய்கிறேன் என்று திரும்பிப் போனால் அங்கேதான் கிளம்பும். புறங்கையை வைத்துப் பாருங்கள்: தாள் குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை நாட்களில் சென்னையில், மேலே காய்ந்தது போல் தெரியும் தாளும் வெகுநேரம் உள்ளே ஈரமாக இருக்கும்.

மூன்றாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. நிறமெல்லாம் சரியாக இருந்தும் கண்ணாடித் தோற்றம் வராது. இரண்டு விளிம்புகளும் குறுக்கே வெட்டும் புள்ளியை உற்றுப் பாருங்கள். சிவப்புச் செவ்வகத்தின் விளிம்பு நீலத்துக்குள் நுழையும் இடத்தில் அரை மில்லிமீட்டர் இடம்பெயர்ந்திருக்கும், அல்லது லேசாக வளைந்திருக்கும். காய்ந்த வண்ணத்தின் மேல் தாள் ஈரத்தை உறிஞ்சும் வேகம் வேறு, வெறும் தாளின் மேல் வேறு. அதனால் பிரஷ் எல்லையில் தடுமாறும். நான்கு துண்டுகளும் சந்திக்கும் அந்தப் புள்ளியில் இரண்டு கோடுகளும் நேராகத் தொடர்ந்தால்தான் கண் இரண்டு படலங்களைப் பார்க்கும். தொடராவிட்டால் நான்கு ஓடுகளைப் பார்க்கும். கடினமான பென்சிலில் மெல்லிய கோடு முழு நீளத்துக்கும் போட்டுக்கொண்டு, பிரஷை எல்லையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக இழுங்கள்.

அறிகுறி: ஊடுருவிப் பார்க்க முடிகிறது, ஆனால் எது முன்னால் என்று தெரியவில்லை

படலம் போடுவது நன்றாக வந்தவர்களுக்குத்தான் இந்தக் குறை வரும். தூய்மையான இரண்டு படலங்களில், மஞ்சள் மேல் நீலம் போட்டாலும் நீலத்தின் மேல் மஞ்சள் போட்டாலும் கிட்டத்தட்ட ஒரே பச்சைதான் கிடைக்கும். அதனால் எது மேலே என்று சொல்லப் பச்சையிடம் தகவலே இல்லை. கண் இரண்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருக்கும்.

ஜெர்மனியின் பவ்ஹவுஸ் கலைப் பள்ளியில் பாடம் நடத்தி, 1933இல் அது மூடப்பட்டதும் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போன ஜோசப் ஆல்பர்ஸ் இதை மாணவர்களுக்குப் பெயிண்டே இல்லாமல் கற்றுக்கொடுத்தார். மூன்று வண்ணத் தாள்கள் போதும்: இரண்டு பெரியவை, அவை சந்திக்கும் இடத்தில் ஒட்ட மூன்றாவதாக ஒரு துண்டு. மூன்றாவது நிறம் சரியாக நடுவில் இருந்தால் முன்பின் தெரியாது. ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துத் தாள் மேலே ஏறிவிடும். எல்லாமே ஒளிபுகாத தாள்கள், ஆனாலும் கண் ஊடுருவலைப் பார்க்கிறது.

நீர்வண்ணத்திலும் இதையே செய்யலாம். சந்திக்கும் இடத்தைப் படலத்தின் தலைவிதிக்கு விடாமல், அந்தத் துண்டை மட்டும் தனியாகக் காலியாக விட்டு, கலந்த நிறத்தால் நிரப்புங்கள். நீலம் முன்னால் வர வேண்டுமென்றால் பச்சையை நீலத்தின் பக்கம் சாயுங்கள். ஏற்கெனவே படலம் போட்டாகிவிட்டதென்றால் இன்னொரு வழி இருக்கிறது. பின்னால் போக வேண்டிய வடிவத்தின் விளிம்பை, சந்திக்கும் பகுதிக்குள் மட்டும், ஈரமான சின்னப் பிரஷால் லேசாகத் தேய்த்து மங்கலாக்குங்கள். மேலே ஒன்று மூடினால் அடியில் இருப்பதன் வேறுபாடு குறையும் என்பது கண்ணுக்குப் பழகிய உண்மை. உள்ளே மங்கலாகவும் வெளியே கூர்மையாகவும் ஓடும் விளிம்பு உடனே அடியில் போய்விடும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்தம். தனித் துண்டு முறையில் எப்போதும் கொஞ்சம் விறைப்பு தெரியும்.

அறிகுறி: பெட்டி போல வரைந்தது குழியாகத் தெரிகிறது

சுவிட்சர்லாந்துக்காரரான லூயி ஆல்பர்ட் நெக்கர் படிகங்களின் கோட்டுப் படங்களைப் பார்க்கும்போது கனசதுரம் உள்வெளியாகப் புரள்வதைக் கவனித்து 1832இல் எழுதினார். கோடுகள் இணையாக ஓடி எங்கேயும் குவியாமல் இருந்தால் புரள்வது இயல்பு. அரூப ஓவியத்தில் நாம் பெரும்பாலும் இணைகோடுகளைத்தான் பயன்படுத்துகிறோம்.

புரளாமல் நிறுத்த, மூன்று முகங்களுக்கும் மூன்று தெளிவான அடர்த்திகள் கொடுங்கள்: மேல்முகம் வெளிச்சம், ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் இருட்டு. படத்தில் எத்தனை பெட்டி இருந்தாலும் இதே வரிசை. ஒளி மேலிருந்து வருகிறது என்று கண் தானாகவே எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு பெட்டியில் வரிசை தலைகீழானால் அது மட்டும் குழியாகும். அதுவும் போதவில்லையென்றால், பெட்டி வேறொரு வடிவத்தின் விளிம்பை மறைக்கும்படி செய்யுங்கள். குழியால் எதையும் மறைக்க முடியாதே.

ஆனால் இதைக் குறையென்று திருத்தும் முன் ஒருமுறை யோசியுங்கள். 1919 முதல் ரஷ்ய ஓவியர் எல் லிசிட்ஸ்கி ‘புரோன்’ என்ற பெயரில் செய்த படங்களில் வெளி முன்னாலும் பின்னாலும் புரள்வது வேண்டுமென்றே செய்தது. ஒரே கண்ணுக்கு ஒரே இடத்திலிருந்து தெரியும் உலகத்தை உடைப்பதே அவருடைய நோக்கம். உங்கள் படத்திலும் புரளும் இடம் ஒன்றே ஒன்று இருந்து, மற்றதெல்லாம் உறுதியாக நின்றால், அதை விட்டுவிடுங்கள். எல்லாமே புரண்டால்தான் பிரச்சினை.

அறிகுறி: தூரத்தில் இருக்க வேண்டியது முன்னால் குதிக்கிறது

சூடான நிறம் முன்னால் வரும், குளிர்ந்த நிறம் பின்னால் போகும் என்ற விதியை நம்பி நீலத்தைப் பின்னால் வைத்திருப்பீர்கள். அந்த விதி பலவீனமானது. சுற்றியிருப்பதோடு எவ்வளவு வேறுபடுகிறது, எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது, விளிம்பு எவ்வளவு கூர்மை, இந்த மூன்றும் சேர்ந்தால் சூடு குளிர்ச்சி தோற்றுப்போகும். வெளிறிய செம்மண் நிறத்துக்கு நடுவே கூர்மையாக வெட்டிய தாலோ நீலம் பாய்ந்து முன்னால் வரத்தான் செய்யும். நிறத்தை மாற்ற வேண்டாம். அதன் எதிர்நிறத்தில் (நீலத்துக்கு ஆரஞ்சு) துளி கலந்து பளிச்சென்ற தன்மையைக் குறையுங்கள், அல்லது சுற்றியுள்ள தளத்தை அதன் அடர்த்திக்கு அருகே கொண்டுவாருங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். பின்தளத்தில் அல்ட்ராமரினோ செருலியனோ போட்டிருந்தால் அதன் மணல்தன்மை தாளின் மேற்பரப்பைக் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கும். கண் குழிகளையும் புள்ளிகளையும் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடும். ஆழத்துக்கு வழுவழுப்பாகப் படியும் நிறமி, முன்னால் மணல் நிறமி என்று மாற்றிப் பாருங்கள்.

அறிகுறி: நிறம் மெல்ல மாறும் தளம் சாயவில்லை, திட்டுத் திட்டாக நிற்கிறது

ஒரு செவ்வகத்தின் ஒரு முனை இருட்டாகவும் மறுமுனை வெளிச்சமாகவும் சீராக மாறினால் அது தாளிலிருந்து சாய்ந்து எழும். நடுவில் பூக்கோசு போன்ற திட்டு விழுந்தால் மறுபடியும் தாளாகிவிடும். பாதி காய்ந்த இடத்தில் அதிக ஈரம் போய்ச் சேர்ந்ததுதான் காரணம். பலகையைச் சற்றுச் சாய்த்து, பிரஷில் இருக்கும் ஈரத்தைத் தாளில் இருப்பதைவிடக் குறைவாக வைத்து, மேலிருந்து கீழே இறங்குங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் பெரிய தளம் பாதி வருவதற்குள் மேலே காய்ந்துவிடும். அப்போது அதிகாலையில் வரைவது நல்லது, அல்லது தாளை முன்பே சீராக நனைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மூச்சில் மாற்றம் கைவராவிட்டால் படிப்படியாகப் போங்கள். முழுத் தளத்துக்கும் மிக இளசான படலம். காய்ந்ததும் ஒரு கோடு விட்டு மீதிக்கு அதே வண்ணம். மறுபடியும் ஒரு கோடு விட்டு மீதிக்கு. கடைசிப் பட்டையில் எல்லாப் படலமும் சேர்ந்து இருட்டாகும். கிளே 1921இல் வரைந்த ‘சிவப்பில் ஃபியூக்’ என்ற நீர்வண்ணத்தில் ஒவ்வொரு வடிவமும் இருட்டுப் பின்புலத்திலிருந்து படிப்படியாக வெளுத்துக்கொண்டே வரிசையாக வெளியே வருகிறது. படிகள் தெளிவாகத் தெரிகின்றன, அப்படியிருந்தும் வெளி நகர்கிறது. மழுப்பலாக வந்த சாய்வைவிடத் துணிவாகத் தெரியும் படிகள் எனக்கு எப்போதும் மேல்.

அறிகுறி: வடிவத்தைச் சுற்றிக் கறுத்த கோடு, அல்லது டேப்புக்கு அடியில் கசிவு

கறுத்த கோடு வருவதற்கான இயற்பியலை 1997இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் விளக்கினார்கள்: தேங்கிய துளியின் ஓரம் தாளில் பிடித்துக்கொண்டு, அங்கே ஆவியாகும் நீரை ஈடுசெய்ய உள்ளிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது, துகள்களையும் இழுத்துப் போகிறது. அதாவது நீர் அதிகம் தேங்கியிருக்கிறது. போட்டு முடித்ததும் பிழிந்த பிரஷின் நுனியால் ஓரத்தில் தேங்கியதை உறிஞ்சி எடுங்கள். முன்னால் நிற்கும் வடிவத்தில் இந்தக் கோடு இருக்கட்டும், அது விளிம்பைச் சொந்தமாக்கிக் கொடுக்கும். பின்தளத்தில் மட்டும் ஈரப் பிரஷால் மழுக்கிவிடுங்கள்.

விளிம்பு நேராக வர ஒட்டும் டேப் கசிவது பெரும்பாலும் சொரசொரப்பான கோல்ட் பிரஸ் தாளில்தான். நகத்தால் அழுத்தித் தேய்த்து ஒட்டி, பிரஷை டேப்பிலிருந்து வெளிப்பக்கமாக இழுங்கள், வண்ணத்தைக் குளமாக விட வேண்டாம். முழுதும் காய்ந்தபின், டேப்பைத் தன்மீதே மடித்துத் தாளோடு ஒட்டினாற்போல மெதுவாக இழுத்து எடுங்கள். கசிந்துவிட்டால், ஈரமான தட்டைப் பிரஷின் விளிம்பால் வருடி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அல்ட்ராமரின் வந்துவிடும். தாலோ வராது, அந்த இடத்தில் வடிவத்தைக் கசிவு வரை பெரிதாக்கிவிடுவதே வழி.

அறிகுறி: தாள் நெளிந்து, வரைந்த ஆழத்தைவிட நெளிவுதான் தெரிகிறது

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள காட்டன் தாளையும் பலகையில் நான்கு பக்கமும் ஒட்டிக்கொண்டே தொடங்குங்கள். படம் முடிந்த பிறகு கவனித்தால், பின்பக்கத்தை மட்டும் பஞ்சால் லேசாக ஈரமாக்கி, சுத்தமான இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரவு முழுக்க விடுங்கள். வண்ணம் முற்றிலும் காயாத படத்துக்கு இதைச் செய்யாதீர்கள், அல்ட்ராமரின் மேல்தாளில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.